ஆள் நின்றால் இடம் நிற்கும்

மஹியாவ, கண்டி
2025 ஜனவரி 27

போகம்பறை பார்க் ஓட்டோ சாரதிகள் சங்கத் தலைவர் இப்ஹாம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

இதை உங்கள் தங்கச்சி எழுதவில்லை. சங்கத்தின் அங்கத்தவர் ரிஸ்னா எழுதுகிறேன். தங்கச்சியின் நம்பரை நீங்கள் புளொக் பண்ணி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. ஆனால் அங்கத்தவர் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால் தலைவர் எழுத்தில் பதில் தரவேண்டும் என்று சங்கத்து யாப்பு விதிகளில் நீங்களே போட்டிருக்கிறீர்கள். ஆகவே பிலிமத்தலாவையில் காலை நீட்டிப் படுத்திருந்தாலும் பேனாவைப் பிடித்தே ஆகவேண்டும். கடிதத்தை பஸ்லினா மதினியின் கைப்பையில் வைத்து அனுப்புகிறேன். கண்டியில் அவருக்கு வேலை முடிந்ததும் பஸ்ஸில் உங்கள் கைக்கு வந்துவிடும். பதிலையும் அப்படியே அனுப்புங்கள். உங்கள் மனைவியைத் தபால்காரி ஆக்கியதற்கு நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

முறைப்பாடு இதுதான். என் ஓட்டோவில் இப்போது எஞ்சின் இல்லை, பெட்டரி இருக்கிறது. காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பிறகு அம்பிட்டிய ஏற்றம், ஹந்தானை ஏற்றம் என்று ஓடினால் பகலில் ஒரு தடவை சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் போடும் இடம் ஸ்டேஷன் பக்கம் இருக்கிறது, நம் ஓட்டோக்கள் வரிசையில் நிற்கும் பார்க்கில் இல்லை. நான் போய் வண்டியைக் கொளுவி, சார்ஜ் ஏறியதும் எடுத்துக்கொண்டு வந்தால், லைனை விட்டுப் போனவள் என்று என்னைக் கடைசிக்கு அனுப்புகிறார்கள். கடைசியிலிருந்து நகர்ந்து முன்னுக்கு வரும்போது பகல் ஹயர் ஓட்டமெல்லாம் முடிந்து, ஊரே வீட்டுக்குப் போய்விடுகிறது. நீங்கள் இல்லாதபோது பார்க்கைப் பார்க்கும் அஸீம் நானாவிடம் கேட்டேன். "சட்டம் ஒண்டு ஈக்கி. தலைவர்ட்ட கேளுங்க" என்றார். கேட்கிறேன்.

ஜும்ஆவுக்குப் போகிறவர்களின் வண்டி லைனில் நிற்கிறது. அவர்கள் வரும்வரை மற்றவர்கள் அதை முன்னால் தள்ளிவிடுகிறோம். சோறு தின்னப் போகிறவருக்கும், மையித்து அடக்கப் போகிறவருக்கும் இடம் நிற்கிறது. சார்ஜ் போடப் போகிற எனக்கும் என் இடம் நிற்கவேண்டும். மூன்று தடவை லைனை உடைத்தால் பார்க்கை விட்டே நீக்கலாம் என்று அஸீம் நானா ஞாபகப்படுத்தினார். எனக்கு அந்தப் பார்க்கை விட்டால் வேறு இடமில்லை என்பது தலைவருக்குத் தெரியும்.

ரிஸ்னா


பிலிமத்தலாவை
2025 பெப்ரவரி 1

அங்கத்தவர் ரிஸ்னாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

முறைப்பாடு கிடைத்தது. நிராகரிக்கப்படுகிறது. ஜும்ஆவுக்குப் போகிறவன் வண்டியை விட்டுவிட்டுப் போகிறான். நீ வண்டியைக் கொண்டுபோகிறாய். பார்க்கில் இருப்பது வண்டிகளின் லைன். ஆள் எங்கே போனாலும் வண்டி நின்றால் இடம் நிற்கும், வண்டி போனால் இடமும் போகும். பெட்ரோல் அடிக்கப் போகிறவனும் டயர் ஒட்டப் போகிறவனும் கடைசிக்குத்தான் போகிறார்கள். பெட்டரிக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது.

தலைவரின் பதில் இத்தோடு முடிந்தது. இனி உன் கூடப்பிறந்த நானா எழுதுகிறேன்.

மின்சார ஓட்டோவுக்கு மாறுங்கள், மாறுங்கள் என்று நகரத்தில் ஒரு வருடமாகப் பேச்சு. நாளைக்கு நகரத்துக்குள் உள்ள பார்க்குகளில் மின்சார ஓட்டோ மட்டும்தான் நிற்கலாம் என்று சட்டம் வரும் என்ற கதையும் அதோடு வந்தது. அதற்கு எதிராகத்தான் டிசம்பரில் சங்கம் கறுப்புக்கொடி கட்டியது. நான் ஓட்டோக் கூரையில் ஏறிக் கொடி கட்டும்போது வழுக்கி விழுந்து இடது கணுக்காலை உடைத்தேன். அன்று பின்னேரம் வார்டில் படுத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் போனை நீட்டி, இந்தப் பெண் உங்கள் பார்க்தானே என்று கேட்டார். நீதான். மின்சாரத்துக்கு மாறியவர்களுக்கு நகரம் வைத்த விழாவில், எஞ்சின் கழற்றிய வண்டிக்குப் பக்கத்தில், மாலையோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். அதே நாள், ரிஸ்னா! சங்கம் கொடி கட்டிய அதே நாள். தலைவரின் கூடப்பிறந்த தங்கச்சி.

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? ஐந்து வருடத்துக்கு முன்னால், ஒரு பொம்பிளை பார்க்கில் நிற்பதா என்று எல்லோரும் எழும்பியபோது உனக்காகத் தொண்டை கிழியப் பேசினவன் நான். காலில் வலி இருக்கிறது. மனதில் அதைவிட அதிகம் இருக்கிறது.

இப்ஹாம்


மஹியாவ
2025 பெப்ரவரி 4

நானா,

சொன்னால் தடுப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை. சிரித்ததும் உண்மை. சந்தோஷமாக இருந்தது, சிரித்தேன். நீங்கள் விழுந்த செய்தி எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. மாலையைக் கழற்றிவிட்டு ஓடி வந்தேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

எனக்கு ஏன் சந்தோஷம் என்று கேட்கவேயில்லை நீங்கள். பெட்ரோல் இல்லாத 2022 உங்களுக்கு மறந்திருக்கலாம். பெட்ரோல் ஷெட் வரிசையில் நாள்கணக்காக வண்டியைப் போட்டுவிட்டு, பின் சீட்டில் மகள் ரிப்காவைப் படுக்க வைத்து, அவளுடைய பாடசாலை ஹோம்வேர்க்கை ஹேண்டில் பாரில் வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான். அந்த வரிசையில் நின்றபோது என் வாழ்க்கையை ஒரு பெட்ரோல் பவுசர் லொறியின் கையில் கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது. இனிக் கொடுக்கமாட்டேன் என்று அன்றைக்கே நினைத்தேன். அதோடு இந்த ஊரைப் பாருங்கள். நாலு பக்கமும் மலை. நாம் விடுகிற புகை எங்கேயும் போகாமல் நம் மூக்குக்கே திரும்பி வருகிறது. நகரம் அதைக் குறைக்கப் பார்க்கிறது. அதில் நான் ஒரு வண்டி. இதில் துரோகம் எங்கே வந்தது?

சரி, லைனுக்கு வருவோம். ஒவ்வொரு வெள்ளியும் நீங்கள் எல்லோரும் தொப்பியைப் போட்டுக்கொண்டு போன பிறகு உங்கள் வண்டிகளைத் தள்ளுவது யார்? பெண் என்பதால் ஜும்ஆ கடமையில்லாத நானும், வத்தேகமயிலிருந்து வரும் சுரேஸும்தான். நீங்கள் வண்டியைக் கியரில் விட்டுவிட்டுப் போவீர்கள். அதை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து தள்ளி என் தோள்பட்டை தேய்ந்துவிட்டது. ஒரு வெள்ளிகூட உங்கள் இடம் பின்னுக்குப் போனதில்லை.

வண்டி நின்று ஆள் போகலாம் என்றால், ஆள் நின்று வண்டி போகலாம். நாளையிலிருந்து நான் நிற்கப்போகிறேன். என் வண்டி நின்ற இடத்தில், இரண்டு ஓட்டோக்களுக்கு நடுவே, ரோட்டில், காலால். லைன் நகர்ந்தால் நானும் நகர்வேன். அஸீம் நானா எத்தனை தடவை லைனை உடைத்தேன் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

ரிஸ்னா


பிலிமத்தலாவை
2025 பெப்ரவரி 11

ரிஸ்னா,

உனக்கு மூளை கலங்கிவிட்டதா? பஸ்லினா கடையிலிருந்து வரும்போது பார்த்துவிட்டு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டோ லைனுக்கு நடுவில் நின்றாயாம். கழுத்தில் எதையோ மாட்டியிருந்தாயாம். வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்களாம். உம்மா போன் பண்ணி, மகள் என்ன செய்கிறாள் என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்ல? உங்கள் மகள் ஓட்டோ ஆகிவிட்டாள் என்றா?

கண்டியே சிரிக்கிறது. தலைவராகவும் சொல்கிறேன், நானாவாகவும் சொல்கிறேன். நிறுத்து.

இப்ஹாம்


மஹியாவ
2025 பெப்ரவரி 16

நானா,

கண்டி சிரித்தது சரிதான். முதல் நாள் பார்க் முழுதும் சிரித்தது. அஸீம் நானா ஒரு கார்ட்போர்ட் துண்டில் என் வண்டி நம்பரை எழுதிக் கொண்டுவந்து, "நம்பர் பிளேட் இல்லாம லைன்ல நிக்க ஏலா" என்று நீட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் அதை வாங்கி, ஒரு நூலைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். கைதட்டல் நின்றுவிட்டது. மதினி கண்டது அதைத்தான். அது மழையில் ஊறிப் பிய்ந்துபோனதும் ரிப்கா புதிதாக ஒன்று எழுதித் தந்தாள். அஸீம் நானாவைவிட என் மகளின் எழுத்து அழகு.

டிராபிக் பொலிஸ்காரர் வந்தார். நங்கி, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். என் முறைக்காக நிற்கிறேன் என்றேன். முன்னால் ஓட்டோ, பின்னால் ஓட்டோ, நடுவில் நான். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே நின்றால் அவருக்கு ஆட்சேபம் இல்லையாம். ஆகவே பொலிஸ் அனுமதி கிடைத்துவிட்டது. சங்கத்தின் அனுமதிதான் பாக்கி.

நீ முன்னுக்கு வந்துவிட்டாய், ஹயரும் வந்துவிட்டது, வண்டி ஸ்டேஷன் பக்கம் கிடக்கிறது, அப்போது என்ன செய்வாய் என்று நீங்கள் கேட்பீர்கள். பெரும்பாலும் என் முறை வருவதற்கு முன்னாலேயே சார்ஜ் ஏறிவிடும். முன்னால் ஒரு வண்டி இருக்கும்போது ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரம் சுரேஸ் இறங்கி என் இடத்தில் நிற்பான். ஆனால் போன வியாழன் கணக்குத் தப்பிவிட்டது. தெல்தெனியவிலிருந்து கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா நேரே என்னிடம் வந்து, வண்டி எங்கே என்றார். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, நீங்கள் பின்னால் உள்ள வண்டியில் போங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்றார். ஒரு பெண் ரோட்டில் நின்று காத்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லையாம். மருந்துப் பையை என் கையில் தந்துவிட்டு, ஸ்டேஷன்வரை என்னோடு நடந்தே வந்தார். வழி முழுக்கத் தன் மருமகளைத் திட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அந்த மருமகள் பக்கமும் பேசியிருப்பேன்.

உம்மாவுக்கு நான் போன் பண்ணிப் பேசிவிட்டேன். குடை போதுமா, மழைக்கோட்டு வாங்கித் தரவா என்று கேட்டார்.

ரிஸ்னா


பிலிமத்தலாவை
2025 பெப்ரவரி 23

தங்கச்சி,

இந்த ஒரு தடவை கோபமில்லாமல் எழுதுகிறேன். நீயும் அப்படியே வாசி.

உன் வண்டிக்கு லீசிங் இல்லை. அதனால் எஞ்சினைக் கழற்றிக் கொடுக்க உன்னால் முடிந்தது. பார்க்கில் பாதிப் பேருடைய வண்டி லீசிங் கம்பனிக்குச் சொந்தம். கடைசித் தவணை முடியும்வரை ஓர் ஆணியைக் கழற்றவும் அவர்களுக்கு உரிமை இல்லை. அஸீமுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. மாறமாட்டேன் என்று அவன் அடம்பிடிக்கவில்லை, மாறவே முடியாது. நாளைக்கு மின்சார வண்டி மட்டும் என்று வந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பான்? உனக்காக லைனில் ஒரு சலுகை கொடுத்தேன் என்றால், பார்க்கே ஏற்றுக்கொண்டது என்று அடுத்த நாளே சொல்லிவிடுவார்கள். எனக்குப் பயம் உன் பெட்டரியைப் பார்த்து அல்ல. என் பின்னால் நிற்கிற ஆட்களை நான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. அஸீம் உன்னைப் பின்னாலிருந்து வண்டியால் இடித்தானாமே. உன் கெண்டைக்கால் வீங்கியிருந்ததைப் பஸ்லினா பார்த்திருக்கிறாள். தெல்தெனிய அம்மாவின் மருமகளைப் பற்றி எழுதத் தெரிந்த உனக்கு இதை எழுதத் தெரியவில்லையா? ஒரு முறைப்பாடு எழுது. அன்றைக்கே அவனை நீக்குகிறேன். லீசிங்காவது மண்ணாங்கட்டியாவது, என் தங்கச்சிமேல் வண்டியை விட்டவனுக்குப் பார்க்கில் இடமில்லை.

ஆனால் அதோடு நீ நிற்பதையும் விட்டுவிடு. மார்ச் ஆறாம் தேதி நம் வீட்டில் கமிட்டி கூடுகிறது. உன்னை நீக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வருகிறது. அதற்கு முன்னால் நிறுத்திவிட்டால் தீர்மானத்தை நான் எடுக்கவே மாட்டேன்.

இப்ஹாம்


மஹியாவ
2025 பெப்ரவரி 27

நானா,

முறைப்பாடு எழுதமாட்டேன். அஸீம் நானாவின் வண்டிக்கு பிரேக் சரியில்லை என்பது ஊருக்கே தெரியும். ஹோர்ன் அடித்து என்னைப் பயமுறுத்த நெருங்கி வந்தார், நிற்கவில்லை, பட்டுவிட்டது. இறங்கி ஓடி வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. அதற்குப் பிறகு ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டார். அவரை நீக்கித்தான் எனக்கு இடம் கிடைக்கும் என்றால் அந்த இடம் எனக்கு வேண்டாம். என் காலை விலையாகப் பேசாதீர்கள்.

லீசிங் பற்றி எழுதினீர்கள், அது நியாயம். இரண்டு தடவை வாசித்தேன். ஆனால் கறுப்புக்கொடியில் நீங்கள் அதை எழுதவில்லையே. 'மின்சாரம் வேண்டாம்' என்றுதானே எழுதினீர்கள். லீசிங் வண்டிக்காரருக்குத் தவணை முடியும்வரை காலம் கொடு, பார்க்கிலேயே சார்ஜ் போட வசதி கொடு, அதற்குப் பிறகு மாறச் சொல் என்று கேட்டிருந்தால் நானும் வந்து கொடி பிடித்திருப்பேன். கூரையில் மட்டும் ஏறியிருக்கமாட்டேன். அஸீம் நானாவுக்காகப் பேசுவதற்கு என்னை நசுக்கத் தேவையில்லை. என் வண்டி அவருடைய எதிரி இல்லை.

கமிட்டிக்கு நானும் வருகிறேன். என்னை நீக்குவதென்றால் என் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்குங்கள். தங்கச்சி என்று பாவம் பார்க்கவும் வேண்டாம், தங்கச்சி என்பதற்காக மற்றவர்களுக்குப் பயப்படவும் வேண்டாம்.

நோன்பு வருகிறது. நோன்போடும் நிற்பேன்.

ரிஸ்னா


பிலிமத்தலாவை
2025 மார்ச் 7

அங்கத்தவராக இருந்த ரிஸ்னாவுக்கு,

மார்ச் ஆறாம் தேதி கூடிய கமிட்டியின் தீர்மானப்படி, பார்க் ஒழுங்கைத் தொடர்ந்து மீறியதற்காக நீ சங்கத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கிறாய். வோட்டுகள் சமனாக வந்தன. தலைவரின் வோட்டால் தீர்மானம் நிறைவேறியது. வண்டிக் கண்ணாடியில் இருக்கும் பார்க் ஸ்டிக்கரை நீயே அகற்ற வேண்டும்.

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். என் தங்கச்சிக்கு ஒரு சட்டம், அஸீமுக்கு ஒரு சட்டம் என்று நாளைக்கு யாரும் என்னைக் கேட்கக்கூடாது. நேற்று நோன்பு திறக்கும்போது பஸ்லினா பேரீச்சம்பழத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக மாட்டேன் என்றவள், நீ கேட்டாய் என்பதற்காகத்தான் எடுத்துக்கொண்டாள்.

இப்ஹாம்


மஹியாவ
2025 மார்ச் 8

நானா,

கடிதம் கிடைத்தது. ஸ்டிக்கரைக் கிழிக்கமாட்டேன். திங்கட்கிழமை நிற்பேன்.

ரிஸ்னா


மஹியாவ
2025 மார்ச் 15

நானா,

நீங்கள் பதில் எழுதவில்லை. நீக்கப்பட்டவளுக்குப் பதில் எழுத வேண்டும் என்று யாப்பில் இல்லைதான். இருந்தாலும் இந்த வாரத்தில் நடந்ததை நீங்கள் வேறு வாயிலிருந்து கேட்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நான் போனபோது வண்டிகளை ஒன்றோடொன்று ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு கை நுழைய இடமில்லை. நான் லைனுக்குப் பக்கத்தில், தண்ணீர் ஓடும் காணின் ஓரமாக நின்றேன். என் வண்டியை ஸ்டேஷன் பக்கம் கொளுவிவிட்டு வெயிலில் நின்றேன். தாகம் என்றால் தாகம். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அழுகை வந்தது, உங்களிடம் மறைக்கவில்லை. உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தில்தான் அன்று முழுதும் கால் தரையில் ஊன்றியது. அன்று பார்க்கில் எல்லோருக்கும் முன்னால் எனக்காகப் பேசின மனிதர் சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார் என்பதை நினைத்து நினைத்து நின்றேன்.

செவ்வாய்க்கிழமை சுரேஸ் தன் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடைவெளி விட்டு நிறுத்தினான். அஸீம் நானா முன்னால் போ, முன்னால் போ என்று கை காட்டினார். அவன் இறங்கி வந்து கதவுப் பக்கம் சாய்ந்துகொண்டான். "அக்கா வந்து நில்லுங்க. என்னைய நீக்கணும்னா நீக்கட்டும். வெள்ளிக்கிழமை வண்டிகள அவங்களே தள்ளிக்கட்டும்" என்றான். சத்தமாக இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். நான் போய் நின்றேன். அவனை யாரும் நீக்கவில்லை.

வியாழக்கிழமை நடந்ததுதான் விஷயம். பகலில் நான் நாலாவது, சுரேஸ் ஐந்தாவது, அவனுக்குப் பின்னால் அஸீம் நானா. அவருடைய வண்டியில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. கறாஜ்காரன் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனான். உங்கள் சட்டப்படி அவருடைய இடம் போய்விட்டது. கேபிளைப் போட்டுக்கொண்டு வந்தாலும் கடைசியில்தான் நிற்கவேண்டும், பின்னேரம்வரை ஹயர் கிடையாது. அவர் பிளேன்டீக் கடை வாசலில் நின்று வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோன்பு, ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்க முடியாது. வண்டி இழுத்துப் போன இடம் அப்படியே கிடந்தது. பின்னால் இருந்தவர் முன்னால் எடுக்கக் கியரைப் போட்டார்.

அப்போது அஸீம் நானா வந்து அந்த இடத்தில் நின்றார்.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேர்ட் பொக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றார். பின்னால் இருந்தவர் ஹோர்ன் அடிக்கவில்லை, எஞ்சினை நிறுத்திவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. நம்பர் பிளேட் எங்கே என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. நோன்பு என்பதால் அடக்கிக்கொண்டேன். லைன் நகர்ந்தது. நான் நகர்ந்தேன், சுரேஸ் வண்டியைத் தள்ளினான், அவரும் நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, சுரேஸின் வண்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய குரல் வந்தது.

"நோம்போட நிக்கிறது பெரிய கஷ்டம், என்ன ரிஸ்னா."

பழகிவிடும் என்றேன்.

அவருடைய முறை வருவதற்குள் கேபிளைப் போட்டு வண்டியைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவருடைய இடத்திலேயே விட்டார்கள். சட்டப்படி அவரும் லைனை உடைத்தவர். தலைவர் விரும்பினால் அவருக்கும் ஒரு கடிதம் எழுதலாம்.

ரிஸ்னா


பிலிமத்தலாவை
2025 மார்ச் 19

தங்கச்சி,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்றுப் பிளாஸ்டரை வெட்டிவிட்டார்கள். கால் முருங்கைக்காய் மாதிரி மெலிந்துபோயிருக்கிறது. ஓட்டலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பார்க்குக்கு வருகிறேன்.

அஸீம் போன் பண்ணினான். வழக்கமாகக் கத்துகிறவன் மெதுவாகப் பேசினான். உன்னைத் திரும்பச் சேர்க்க வேண்டுமாம். அவன் கொண்டுவந்த தீர்மானம், அவனே சொல்கிறான். நான் கிளட்ச் கேபிள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். தலைவரின் விசேட அதிகாரத்தில் உன்னைத் திரும்பச் சேர்க்கிறேன். பகலில் நீ சார்ஜ் போடப் போகலாம், உன் இடம் நிற்கும். ரோட்டில் நிற்கத் தேவையில்லை. இது உனக்கு மட்டும். கூட்டம் வேண்டாம், வோட்டு வேண்டாம், போர்டில் ஒட்டவும் வேண்டாம். மெதுவாக நடக்கட்டும், யாரும் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். நோன்பின் கடைசிப் பத்து நாள் நெருங்கிவிட்டது, பெருநாள் வருகிறது. இனியும் வெயிலில் நிற்காதே.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். போனில் பேசு. இந்தப் பேனாவைக் கீழே வைப்போம்.

இப்ஹாம் நானா


மஹியாவ
2025 மார்ச் 21

போகம்பறை பார்க் ஓட்டோ சாரதிகள் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம், நானா. நம்பரைத் திறந்தது சந்தோஷம். இரவு போன் பண்ணுகிறேன், காலைப் பற்றியும் பெருநாளைப் பற்றியும் பேசுவோம். ஆனால் இதை எழுத்தில்தான் தருவேன். சங்கத்தில் இருக்கட்டும்.

விசேட அனுமதி வேண்டாம். எனக்கு மட்டும் மெதுவாக ஒன்றைத் தந்தால், அஸீம் நானாவின் கேபிள் அடுத்த தடவை அறும்போது அவர் எங்கே போவார்? தலைவரின் தங்கச்சிக்குக் கிடைத்தது என்று நாளைக்குச் சொல்வார்கள், சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும். உங்கள் இரக்கம் எனக்குத் தெரியும். அது வீட்டில் இருக்கட்டும். பார்க்கில் எனக்கு வேண்டியது சட்டம்.

கூட்டத்தைக் கூட்டுங்கள். சார்ஜ் போடப் போனாலும், கறாஜுக்குப் போனாலும், பெட்ரோல் அடிக்கப் போனாலும், ஆள் நின்றால் இடம் நிற்கும் என்று எல்லோருக்கும் முன்னால் வோட்டுக்கு விடுங்கள். தோற்றால் தோற்கிறேன், மறுநாளும் வந்து நிற்பேன். வென்றால் போர்டில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு லீசிங் வண்டிகளுக்குக் காலம் கேட்டு எல்லோருமாக நகரத்திடம் போவோம். மின்சாரத்துக்கு மாறின ஒருத்தி முன்னால் நின்று, இவர்களையும் விட்டுவிடாதே என்று கேட்டால் அதற்கு ஒரு பாரம் இருக்கும். நீங்கள் தனியாகக் கூரையில் ஏறிக் கத்தியதைவிட அது கேட்கும்.

திங்கட்கிழமை வாருங்கள். எல்லோரும் உங்களைத் தேடுகிறார்கள், நானும்தான். ஆனால் டிசம்பரில் லைனை விட்டுப் போனவர் நீங்கள். தலைவர் என்று முன்னுக்கு விடமாட்டோம். வண்டியைக் கொண்டுவந்து கடைசியில் நிறுத்துங்கள், நகரும்போது மெதுவாக நகருங்கள். இரண்டு வாரமாக, பெட்ரோல் அடிக்கப் போனவர், டயர் ஒட்டப் போனவர், அஸீம் நானா, நான் என்று, உங்களுக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் வண்டியில்லாமல் நிற்கிறோம்.

அங்கத்தவர்
ரிஸ்னா